செய்தியில் கண்ட புதுச் சொல்: ஊகிப்பதா, அகராதியா, அட்டையா, வேறு வழியா?

ஆங்கிலச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், மூன்றாவது பத்தியில் தெரியாத சொல் ஒன்று வந்து வழிமறிக்கிறது. அந்த நொடியில் எடுக்கிற முடிவு சின்னதுதான். ஆனால் தினமும் எடுக்கிற முடிவு என்பதால், வருடக் கடைசியில் கையில் எத்தனை சொல் மிஞ்சுகிறது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஊகித்துக்கொண்டு மேலே போகலாம். உடனே அகராதியைத் திறக்கலாம். அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யலாம். இது நம்மால் ஆகாது என்று எளிய செய்திக்கு மாறலாம். அதே செய்தியைத் தமிழில் ஒரு முறை படித்துவிட்டு வரலாம். செய்தியே வேண்டாம் என்று ஒரு சொற்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரவும் செய்யலாம்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே விவகாரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரமாவது விடாமல் படிப்பதுதான் செய்தி வழியாகச் சொல் கற்க நல்ல வழி, மற்றதெல்லாம் அதற்குத் துணைக்கு வரலாம், தனியாக நிற்காது. இது எல்லோருக்கும் பொருந்தாது, யாருக்குப் பொருந்தாது என்பதும் கீழே வரும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. நீங்கள் படிக்க நினைக்கிற செய்தியில் ஏதாவது ஒரு இடத்திலிருந்து நூறு சொற்களை எண்ணி, அதில் தெரியாதவை எத்தனை என்று பாருங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு அல்லது அதற்கும் குறைவு என்றால் தாராளமாகப் படிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் ஊகமெல்லாம் வேலைக்கு ஆகாது, ஒரு தெரியாத சொல்லை இன்னொரு தெரியாத சொல்லை வைத்து ஊகிக்கிற கதையாகிவிடும். சொல்வளம் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மொழியியலாளர் பால் நேஷனும் அவர் துறையினரும் அடிக்கடி சொல்கிற 98 சதவீதம், 95 சதவீதம் என்கிற எல்லைகள் இவைதான். நானூறு சொல் கொண்ட ஒரு சாதாரணச் செய்தியில் 95 சதவீதம் தெரியும் என்றால் இருபது சொல் தெரியாது என்று அர்த்தம். கேட்பதற்கு 95 பெரிய மதிப்பெண் மாதிரி இருக்கிறது, படித்துப் பார்த்தால்தான் இருபது குழி எவ்வளவு என்று தெரியும்.

செய்தி ஆங்கிலம் எளிது என்று நினைப்பவர்களுக்கு நேஷன் தரும் இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் முதல் 2000 சொற்கள் சாதாரண உரையாடலில் 90 சதவீதம் வரை வந்துவிடுகின்றன, செய்தித்தாளில் சுமார் 80 சதவீதம்தான். பேச்சு ஆங்கிலம் நன்றாகப் புரிகிற ஒருவருக்கு ஆங்கிலச் செய்தி திணறலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மிச்சம் 20 சதவீதத்தில் பெயர்கள் நிறைய உண்டு, சட்டம், பொருளாதாரம், போர், மருத்துவம் என்று துறைச் சொற்களும் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன.

சரி, முதல் வழி. ஊகித்துவிட்டு ஓடுவது. இதன் பெரிய நன்மை, படிப்பு நிற்காது. படிப்பு நிற்காவிட்டால் நாளைக்கும் படிப்பீர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முழுசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஊகம் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

2019 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டன் செய்தியெங்கும் ஒரு சொல் திடீரென்று முளைத்தது: ப்ரொரோக். பிரதமர் போரிஸ் ஜான்சன் கேட்டுக்கொண்டபடி நாடாளுமன்றத்தை 'ப்ரொரோக்' செய்ய அரசி ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்று செய்தி. அரசி, நாடாளுமன்றம், எதிர்க்கட்சிகளின் கூச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் 'கலைத்துவிட்டார்கள்' என்று ஊகிப்பார். ஊகம் நியாயமானது, ஆனால் தவறு. கலைத்தால் தேர்தல் வரும். இங்கே தேர்தல் இல்லை, உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவே இருந்தார்கள், கூட்டத்தொடர் மட்டும் முடித்துவைக்கப்பட்டது. அன்று அந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு ஓடியவர் தவறான அர்த்தத்தோடு ஓடியிருப்பார், அதைத் திருத்துவதற்கு அந்தச் செய்திக்குள் ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் அதே விவகாரத்தைச் செப்டம்பர் கடைசி வரை தொடர்ந்து படித்தவருக்கு நடந்தது வேறு. செப்டம்பர் 24 அன்று வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக அந்த நடவடிக்கை சட்டவிரோதம், செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதாவது நாடாளுமன்றம் ப்ரொரோக் செய்யப்படவே இல்லை. உடனே அவைத்தலைவர் ஜான் பெர்கோ, அவையைத் திரும்ப அழைக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்று விளக்கம் கொடுத்தார். மறுநாள் அவை கூடியபோது, செப்டம்பர் 9-ஆம் தேதி அவைக் குறிப்பிலிருந்து ப்ரொரோக் செய்த பதிவு நீக்கப்படும், அதற்குப் பதிலாக அன்று அவை ஒத்திவைக்கப்பட்டதாகப் பதிவாகும் என்று அறிவித்தார். கவனித்தீர்களா, முடித்துவைப்பது, ஒத்திவைப்பது, திரும்ப அழைப்பது, தொடர்வது என்று நான்கு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற வேலி அத்தனையும் ஒரே விவகாரத்தில் போட்டுக் காட்டப்பட்டுவிட்டது. எந்த அகராதியும் இதை இவ்வளவு அழுத்தமாகச் செய்யாது. ஒரு சொல்லின் அர்த்தத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டால் அந்தச் சொல் மறக்குமா என்ன.

ஊகம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஊகத்தைச் சரிபார்க்க அடுத்த நாள் செய்தி வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, உடனே அகராதி. கைபேசியில் சொல்லின் மேல் விரலை வைத்தால் அர்த்தம் வந்துவிடுகிற காலம் இது. இதில்தான் சிக்கலும் இருக்கிறது. மொழி கற்றலை ஆராய்கிற பாத்யா லாஃபர், யான் ஹுல்ஸ்டைன் இருவரும் 2001-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஒரு சொல் தங்குமா தங்காதா என்பது அதற்காக நாம் எவ்வளவு மெனக்கெட்டோம் என்பதைப் பொறுத்தது, அந்த மெனக்கெடலில் மூன்று உண்டு, அந்தச் சொல் நமக்குத் தேவைப்படுவது, தேடுவது, கிடைத்த அர்த்தங்களில் எது இங்கே பொருந்தும் என்று எடைபோடுவது. செய்தி படிக்கும்போது முதலாவது தானாக வந்துவிடுகிறது, கதை புரிய வேண்டும் என்ற ஆர்வம் இருக்கிறது. விரலை வைத்ததும் ஒற்றை வரி அர்த்தம் வந்து விழுந்தால் மற்ற இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. அர்த்தம் கிடைத்துவிடும், செய்தி புரிந்துவிடும், சொல் மட்டும் தங்காது. அதே சொல்லை அடுத்த வாரமும் அதே விரலால் தொடுவீர்கள்.

எடைபோடுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஃபர்லோ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு மொழியிலிருந்து வந்த சொல், படைவீரருக்குத் தரும் விடுப்பு என்பதுதான் பழைய அர்த்தம். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பல முடங்கியபோது செய்தியில் வந்த ஃபர்லோ, சம்பளம் வராமல் வீட்டில் உட்காரவைக்கப்பட்ட அரசு ஊழியர்களின் நிலைமை. 2020 மார்ச்சில் பிரிட்டனில் வந்த ஃபர்லோ கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு, வேலைக்குப் போக வேண்டாம், சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2500 பவுண்டு வரை அரசு கொடுக்கும் என்ற திட்டம். இந்தியச் சிறைச் செய்தியில் வரும் ஃபர்லோ இன்னொன்று, நீண்டகாலத் தண்டனைக் கைதிக்குக் குறிப்பிட்ட காரணம் காட்டாமலேயே கிடைக்கக்கூடிய விடுப்பு, பரோலிலிருந்து வேறுபட்டது. அகராதியில் 'விடுப்பு' என்று ஒரே ஒரு சொல் இருந்தால் மூன்றுக்கும் அது பொருந்துகிற மாதிரியே தெரியும். பொருந்தாது. சம்பளம் உண்டா இல்லையா என்பதுதான் அந்தச் செய்தியின் மொத்த விஷயமே, அதை 'விடுப்பு' விழுங்கிவிடுகிறது.

அதனால் அகராதி பார்ப்பதென்றால் என் பழக்கம் இது. முதல் தடவை கண்ணில் படும்போது பார்ப்பதில்லை, கதையே புரியாமல் போகிற அளவுக்கு முக்கியமான சொல்லாக இருந்தால் தவிர. இரண்டாவது தடவை வேறொரு செய்தியில் வந்தால் பார்ப்பேன். இரண்டாவது தடவை வராத சொல்லுக்கு நேரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை, வருகிற சொல் தான் முக்கியம் என்பதை அதுவே வந்து சொல்லிவிடும். பார்க்கும்போது கற்பவர்களுக்கென்று எழுதிய ஆங்கில அகராதியைப் பாருங்கள். 1987-ல் வந்த கோபில்ட் அகராதி அர்த்தத்தை முழு வாக்கியமாகவே எழுதும், இன்னார் இன்னாரை இப்படிச் செய்தால் அதற்கு இந்தச் சொல் என்று. யார், யாரை, எதை என்பது அதிலேயே வந்துவிடும். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ஐந்து தமிழ்ச் சொல்லைக் காற்புள்ளி போட்டு அடுக்கியிருந்தால், முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவோம், மனித இயல்பு அது.

மூன்றாவது, அட்டை. மறதியை அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ், 1885-ல், தன்னையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து எவ்வளவு நேரத்தில் மறக்கிறது என்று பார்த்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அப்புறம் மறதி மெதுவாகிறது. போவதற்குள் இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்கும். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு அட்டைப் பெட்டி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை இன்னும் சில நாள் கழித்துப் பார்க்கலாம், தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே திரும்பும். 2006-ல் வந்த அன்கி செயலி இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தருகிறது. மனப்பாடம் என்ற அளவில் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, இதில் விவாதமே கிடையாது.

பிரச்சினை அட்டையில் எதை எழுதுகிறோம் என்பதில். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று எழுதினால், அட்டையைப் பார்த்தால் அர்த்தம் சொல்வீர்கள், வாக்கியத்தில் பார்த்தால் ஒரு நொடி யோசிப்பீர்கள், எழுதும்போது ஞாபகமே வராது. செய்தியில் வந்த வாக்கியத்தையே, நீளமாக இருந்தால் கொஞ்சம் வெட்டி, சொல் இருக்கிற இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். கூடவே எந்த விவகாரத்தில் வந்தது என்று ஒரு குறிப்பு. இதற்கு நேரம் ஆகும், ஆகட்டும், அதனால்தான் எல்லாச் சொல்லுக்கும் அட்டை போட முடியாது என்ற கட்டுப்பாடு தானாக வரும். செய்தியில் கண்ட ஒவ்வொரு புதுச் சொல்லையும் அட்டையில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பார்க்க வேண்டிய அட்டைகள் மலைபோல் குவிந்து, செயலியைத் திறக்கவே பயந்து, கடைசியில் செய்தி படிப்பதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

சொற்பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேர்வுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள், பட்டியலை எடுத்து அட்டை போட்டுப் படியுங்கள். மேல்படிப்புக்கு ஆங்கில நூல்கள் படிக்கப் போகிறவர்களுக்கு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் உண்டு, 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கிற வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்), எல்லாத் துறைப் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வருபவை. இவை செய்தியிலும் வரும்தான், ஆனால் பாடநூலில் வருவதில் பாதிகூட வராது. செய்தி உங்களுக்காகத் தேர்ந்தெடுக்கிற சொற்கள் அன்றைக்கு உலகத்தில் என்ன நடந்ததோ அதைப் பொறுத்தவை, தேர்வுத் தாள் தயாரிப்பவர் தேர்ந்தெடுப்பவை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'தினமும் பத்திரிகை படி, தேர்வில் தேறிவிடலாம்' என்று அறிவுரை சொல்கிற பெரியவர்களிடம் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

எளிய செய்தி என்பது மேலே சொன்ன நூறு சொல் சோதனையில் ஐந்தைத் தாண்டியவர்களுக்கு. இந்த யோசனை பழையது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959 அக்டோபரில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு ஒலிபரப்பைத் தொடங்கியது, சுமார் 1500 சொற்களுக்குள், சின்னச் சின்ன வாக்கியங்களில், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் செய்தி வாசித்தார்கள். ஜப்பானில் என்ஹெச்கே ஒலிபரப்பு நிறுவனம் 2012-ல் தொடங்கிய எளிய செய்தித் தளமும் இந்த ரகம்தான், ஜெர்மனியின் டாய்ச்சு வெல்லே மெதுவாக வாசிக்கிற செய்திகளும் அப்படித்தான். இவற்றின் பலம், தெரிந்த சொல் நன்றாக ஊறும், காதும் பழகும். பலவீனமும் அதிலேயே இருக்கிறது, புதுச் சொல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய வேலையே. புதுச் சொல் கற்க இங்கே வந்தால் வறட்சிதான். அடித்தளம் போட வாருங்கள், சோதனையில் ஐந்துக்குக் கீழே வந்ததும் வெளியேறிவிடுங்கள். இங்கேயே வருடக்கணக்கில் தங்கிவிடுகிறவர்களும் உண்டு, சுகமாக இருக்கும், அதான் காரணம்.

அடுத்தது, பலரும் மதிக்காத வழி, தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போவது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்ச் செய்தி படிக்கிற நமக்குச் சட்டமன்றச் சொற்களும் நீதிமன்றச் சொற்களும் நம்மை அறியாமலேயே நிறைய சேர்ந்திருக்கின்றன. கூட்டத்தொடர் முடித்துவைப்பு, காலவரையின்றி ஒத்திவைப்பு, கலைப்பு மூன்றும் வேறு வேறு என்று தமிழ்ச் செய்தியைத் தொடர்ந்து படிக்கிறவருக்குத் தெரியும், யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹேபியஸ் கார்ப்பஸ் என்ற லத்தீன் தொடரைப் பார்த்து மிரள்கிறவருக்கு ஆட்கொணர்வு மனு என்றால் உடனே புரியும், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிற மனு. கட்சியின் 'விப்' என்று படித்தால் குழம்பலாம், கொறடா என்றால் குழப்பமே இல்லை. ஆக, பொருள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, ஆங்கிலப் பெயர்தான் புதுசு. பொருளையும் பெயரையும் சேர்த்துக் கற்பதைவிடப் பெயரை மட்டும் கற்பது எவ்வளவோ லேசு.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2020-ல் லாக்டவுன் வந்தபோது தமிழ்ச் செய்தி அதற்கு ஊரடங்கு என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. கலவர நேரத்திலும் இரவு நேரத்திலும் போடுகிற கர்ஃப்யூவுக்கும் அதற்கு முன்பிருந்தே ஊரடங்குதான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் போட்டுவிடுவார், ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் இரண்டு, அல்லது நேர்மாறாக, இப்படி வருகிற இடங்களில் மட்டும் அகராதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றபடி இந்த வழிக்கு என் முழு ஆதரவு உண்டு.

இப்போது ஒரே விவகாரத்தைத் தொடர்வது. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களின் தொடக்கத்திலேயே குறுகிய வாசிப்பு என்ற பெயரில் இதை வலியுறுத்தினார்: ஒரே பொருளில் அல்லது ஒரே ஆசிரியரிடம் நிறையப் படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், பின்னணியும் பழகிவிடும், அதனால் ஊகமும் சரியாக விழும். தினமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மேய்கிறவருக்கு விளையாட்டில் ஒரு சொல், வணிகத்தில் ஒரு சொல், உலகத்தில் ஒரு சொல் என்று கிடைக்கும், எதுவும் இரண்டாவது தடவை வராது. ஒரு விவகாரத்தைப் பிடித்தவருக்குக் கிடைக்கிற புதுச் சொற்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பல தடவை வருகிறது, வெவ்வேறு வாக்கியத்தில், வெவ்வேறு நிருபர் கையில்.

இதில் கிடைக்கிற பெரிய லாபம் அர்த்தம் இல்லை, கூட்டாளிச் சொற்கள். தமிழில் பேச்சுவார்த்தை நடக்கும், முறியும், இழுபறியில் நிற்கும். பேச்சுவார்த்தை உடைந்தது என்று யாரும் சொல்லமாட்டோம், ஏன் என்று கேட்டால் பதிலும் தெரியாது. ஆங்கிலத்திலும் இப்படித்தான். சீஸ்ஃபயர், அதாவது போர்நிறுத்தம், பற்றிய செய்தியை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். நடுவில் நின்று ஏற்பாடு செய்தவர் அதை 'ப்ரோக்கர்' செய்வார். அது நீடித்தால் 'ஹோல்ட்' ஆகிறது. ஒரு தரப்பு 'வயலேட்' செய்ததாக இன்னொரு தரப்பு சொல்லும். கெடு முடியும்போது 'எக்ஸ்டென்ட்' செய்வார்கள். எப்போது அறுந்துவிடுமோ என்ற நிலையில் இருந்தால் 'ஃப்ராஜைல்' என்று முன்னால் சேர்ப்பார்கள். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்த சொற்கள்தான், சீஸ்ஃபயரோடு எது ஒட்டும் என்பதுதான் புதுசு. ஒரு சொல்லை நீங்களே எழுத, பேசத் தேவைப்படுவது இந்த ஒட்டுதான். அட்டையில் கிடைக்காது, பட்டியலில் கிடைக்காது, ஒருநாள் செய்தியில் ஒன்றிரண்டு மட்டும் கிடைக்கும்.

இன்னொரு லாபம், சொல்லுக்கு வரலாறு சேர்வது. 2021-ல் அமெரிக்க மத்திய வங்கியினர் விலைவாசி உயர்வை 'டிரான்சிட்டரி' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், தற்காலிகமானது என்று. விலை இறங்கவில்லை. அந்த நவம்பர் 30 அன்று வங்கித் தலைவர் ஜெரோம் பவல், அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுக்கிற நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று செனட் குழுவிடம் சொன்னார். அதற்கப்புறம் பொருளாதாரச் செய்தியில் யாராவது அந்தச் சொல்லைப் போட்டால் அதில் கொஞ்சம் கிண்டலும் சேர்ந்தே வருகிறது. இதை அகராதி சொல்லுமா? சொல்லாது, அகராதிக்கு 'குறுகிய காலம் நிற்பது' என்பதோடு வேலை முடிந்தது.

எந்த விவகாரத்தைப் பிடிப்பது என்று கேட்டால், ஒரு முடிவை நோக்கிப் போகிற விவகாரமாக இருக்கட்டும், வழக்கு, தேர்தல், போர்நிறுத்தப் பேச்சு, மத்திய வங்கி வட்டி முடிவு, விண்கல ஏவுதல் மாதிரி. என்ன ஆகுமோ என்ற ஆர்வம் இருந்தால்தான் மறுநாள் திறப்பீர்கள். ஒரே ஊடகத்தில் படிக்காமல் இரண்டில் படியுங்கள், ஒருவர் விளக்காமல் விட்ட சொல்லை இன்னொருவர் விளக்கியிருப்பார். தொடக்க நாட்களில் விளக்கச் செய்தி ஒன்றையும் தேடிப் பிடித்துவிடுங்கள், பெரிய ஊடகங்கள் எல்லாம் இப்போது 'என்ன நடக்கிறது' என்ற மாதிரி தலைப்பில் ஒன்று போட்டுவிடுகிறார்கள், புதுச் சொல்லைப் போட்ட கையோடு அதன் அர்த்தத்தையும் இரண்டு காற்புள்ளிக்கு நடுவில் வைத்திருப்பார்கள். அதைவிட நல்ல அகராதி அந்தச் சொல்லுக்குக் கிடைக்காது.

தலைப்புகளிடம் மட்டும் கவனம். தலைப்பில் இடம் குறைவு, அதனால் அங்கே குட்டிச் சொற்களுக்கு ஒரு தனி ராஜ்ஜியம். கண்டித்தால் 'ஸ்லாம்', யோசித்தால் 'மல்', விசாரித்தால் 'ப்ரோப்', ஒப்புக்கொண்டால் 'நாட்', சண்டை என்றால் 'ரோ'. இதையெல்லாம் புரிந்துகொள்வதற்குத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், மேலதிகாரிக்கு எழுதுகிற கடிதத்தில் போட்டால் சிரிப்பார்கள். தமிழிலும் இதே கூத்துதான், செய்தித் தலைப்பில் தினம் யாராவது ஒருவர் காட்டமாகிறார், ஏதாவது ஒன்று பகீர் கிளப்புகிறது, அதிரடி இல்லாத நாளே கிடையாது. வீட்டில் யாரும் யாரிடமும் காட்டம் ஆவதில்லை, கோபப்படுவதோடு சரி. கற்கிற சொல்லைச் செய்தியின் உள்ளேயிருந்து எடுங்கள், தலைப்பிலிருந்து எடுக்காதீர்கள்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். செய்திக்கென்று ஒரு உலகம் இருக்கிறது, அதில் ஆட்சி, சாவு, பணம், பந்தயம் எல்லாம் உண்டு, சமையலறையும் மனசும் கிடையாது. வெட்கம், சலிப்பு, வாஞ்சை, உப்புச்சப்பில்லாத சாயங்காலம், இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள் என்று செய்தி படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதற்குக் கதை படிக்க வேண்டும், மனிதர்களிடம் பேச வேண்டும். செய்தி மட்டுமே படித்து ஆங்கிலம் கற்றவர் வாய்திறந்தால் செய்திக்குறிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும், அப்படிச் சிலரை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படிப் போகும். தேர்வு நெருங்கிவிட்டது என்றால் பட்டியலும் அட்டையும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் கொஞ்ச காலம் எளிய செய்தி, கூடவே தமிழ்ச் செய்தி. புரிந்தால் போதும், எழுதவோ பேசவோ தேவையில்லை என்பவர் ஊகித்துக்கொண்டே ஓடலாம், விவகாரத்தை மட்டும் மாற்றாமல் ஓடினால் ஊகம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். வேலையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்பவருக்குத்தான் முழு முறையும்: முதல் நாள் தமிழில் ஒரு தடவை, அப்புறம் ஆங்கிலத்தில் ஒரே விவகாரம், இரண்டாவது தடவை வருகிற சொல்லுக்கு அகராதி, மூன்றாவது தடவையும் வந்து 'இதை நான் எழுதுவேன்' என்று தோன்றுகிற சொல்லுக்கு மட்டும் வாக்கியத்தோடு ஒரு அட்டை. விவகாரம் முடிந்ததும் அதைப் பற்றி நான்கைந்து வரி நீங்களே எழுதிப் பாருங்கள், படித்ததைப் பார்க்காமல். எந்தச் சொல் வந்தது, எது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது என்பது அப்போது தெரியும். நுனியில் நின்றதை மட்டும் திரும்ப எடுத்துப் பார்த்தால் போதும், வரவே இல்லாததை விட்டுவிடுங்கள், உங்களுக்கு வேண்டிய சொல்லாக இருந்தால் அடுத்த விவகாரத்தில் அது மறுபடி வரும்.